27 ஆண்டு விமானப் பணிக்குப் பின் ஒரு விலகல் கடிதம்: கையெழுத்திடலாமா, காத்திருக்கலாமா?

தோவாளைக்காரன் | 19 ஜூலை 2020

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 52. சொந்த ஊர் குமரி மாவட்டத்துத் தோவாளை. 1993-இல் சென்னையில் ஓர் உள்நாட்டுத் தனியார் விமான நிறுவனத்தில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தேன். நான்காம் ஆண்டில் அது மூடப்பட்டது. வரவேண்டிய மூன்று மாதச் சம்பளம் வராமலே போயிற்று. 1997 முதல் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், வளைகுடாவுக்குப் பறக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்தால் 27 ஆண்டு.

கொரோனாவால் மார்ச் 23-ஆம் தேதி பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்ட பிறகு எங்கள் நிறுவனத்தின் வழக்கமான விமானம் ஒன்றுகூட இங்கு இறங்கவில்லை. ஏப்ரலில் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். மே மாதத்திலிருந்து ஊதியமில்லா விடுப்பு. போன வாரம் மனிதவளத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆகஸ்ட் 10-க்குள் விருப்பத்தோடு விலகுவோருக்கு, பணியாற்றிய ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் 18 மாதத்துக்கான தொகை கிடைக்குமாம், பணிக்கொடை தனி. விலகாதவர்களின் ஊதிய அமைப்பு 'சூழ்நிலைக்கேற்ப மாற்றியமைக்கப்படும்' என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. கடிதத்தில் நான் அதிகம் படித்தது அந்த வரியைத்தான்.

இந்தத் தொழிலில் நெருக்கடி எனக்குப் புதிதல்ல. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பாதி இருக்கைகள் காலியாகப் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். 2003-இல் ஈராக் போரும் சார்ஸ் நோயும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது எரிபொருள் கணக்கைப் பார்க்கவே அச்சமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் 'ஆறு மாதத்தில் சரியாகிவிடும்' என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம், ஏறக்குறைய அப்படியே சரியாகவும் ஆயிற்று. அதனால்தான் மார்ச் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது சீருடையைச் சலவைக்குப் போட்டு, இஸ்திரி செய்து, அலமாரியில் தொங்கவிட்டேன். அது இன்னும் அங்கேயே தொங்குகிறது. ஆனால் இம்முறை விர்ஜின் ஆஸ்திரேலியா விமான நிறுவனம் ஏப்ரலிலேயே நொடித்தது. அவியாங்கா, லத்தாம், தாய் ஏர்வேஸ் மூன்றும் மே மாதத்தில் நீதிமன்றப் பாதுகாப்பை நோக்கிப் போயின. உலக விமான நிறுவனங்கள் இந்த ஓராண்டில் மட்டும் 8,430 கோடி டாலர் இழக்கும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் ஜூன் மாதம் கணித்திருக்கிறது. இது ஆறு மாதக் கதை அல்ல என்று அறிவு சொல்கிறது, பழக்கம் கேட்க மறுக்கிறது.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் என் குழப்பம் புரியும். நான் விமானத்தின் எடைக் கணக்குப் பார்ப்பவன். லோட் ஷீட், டிரிம் ஷீட் என்று சொல்வோம். பெரியவருக்குக் கைப்பையோடு சேர்த்து 75 கிலோ, சிறுவருக்கு 35, கைக்குழந்தைக்கு 10 என்பது இந்திய விதிப்படியான சராசரி. அதனோடு பெட்டிகள், சரக்கு, எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடை வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அந்த எடை முன்னாலோ பின்னாலோ அதிகம் சாயாமல், ஈர்ப்பு மையம் உரிய எல்லைக்குள் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் இதைப் பென்சிலால் போடுவோம். தாளின் மேல்விளிம்பில் ஒரு புள்ளியில் தொடங்கி, கோடு கீழே இறங்கும். முன் சரக்கு அறையில் இத்தனை கிலோ என்றால் இடப்பக்கம் இத்தனை கட்டம், பின் அறை என்றால் வலப்பக்கம் என்று படிக்கட்டு போல நகர்ந்து, அடியில் வரையப்பட்டிருக்கும் கூட்டுக்குள் வந்து நிற்க வேண்டும். நின்றால் தலைமை விமானி கையெழுத்திடுவார், கதவு மூடப்படும். பிறகு கணினி வந்தது. கோடு போய் எண்கள் வந்தன. ஆனாலும் கணினி தந்த விடையை மனத்துக்குள் ஒருமுறை அந்தக் கோடாக வரைந்து பார்க்காமல் நான் எந்தத் தாளையும் விமானியிடம் கொடுத்ததில்லை.

ஓர் இரவு மட்டும் மறக்க முடியவில்லை. 2003 ஜனவரி. வளைகுடாவில் குளிர்காலத்தில் விடியற்காலை மூடுபனி இறங்கும்; அங்கே வட்டமடித்துக் காத்திருக்கவும், தேவைப்பட்டால் வேறு நிலையத்துக்குத் திரும்பவும் கூடுதல் எரிபொருள் வேண்டுமென்று விமானி கேட்டார். கேட்டது நியாயம். அந்த எடைக்கு ஈடாக 1,200 கிலோ சரக்கை இறக்க வேண்டியிருந்தது. பயணிகளின் பெட்டியில் கைவைக்க முடியாது. காய்கறியில் பாதியும் பூ முழுவதும் இறங்கின. அந்தப் பூ எங்கள் ஊர்ச் சந்தையிலிருந்து அன்று மதியம் கிளம்பிய பிச்சிப்பூ. தெர்மோகோல் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எந்தக் கடை என்பதும் எழுதியிருந்தது. இரண்டு பெட்டி என் அப்பாவின் கடையுடையது. மறுநாள் காலை வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஏற்கெனவே தொலைபேசியில் செய்தி போயிருந்தது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: 'விமானம் சரியாப் போய்ச் சேர்ந்துதா?' சேர்ந்தது என்றேன். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

இந்த மாதம் முதல் தேதி ஈரானில் சிக்கியிருந்த 687 பேரை ஐ.என்.எஸ். ஜலாஷ்வா தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர்களில் நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள் ஏராளம். அந்தப் பக்கம் போனவர்களை வீடு சேர்ப்பது எங்கள் வேலை என்று இத்தனை காலம் நினைத்திருந்தவனுக்கு, அவர்கள் கப்பலில் வந்து இறங்கியதைப் பார்த்தபோது வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது முதன்முறையாக உறைத்தது.

ஆகவே என் கேள்வி: இந்தத் தொகையை வாங்கிக்கொண்டு விலகுவதா, காத்திருப்பதா? பணக் கணக்கு தெரிந்தவர்கள் அதைச் சொல்லுங்கள். இத்துறையில் நெடுங்காலம் இருந்தவர்கள், இதைப் போன்றதொரு கட்டத்தில் என்ன நினைத்தீர்கள் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


வேளிமலை அடிவாரம் | 19 ஜூலை 2020

தம்பி, நான் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து 2010-இல் ஓய்வுபெற்றவன். 1975-இல் மும்பையில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தேன். இப்போது தக்கலைப் பக்கம் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன்னிடமுள்ள 31 ஜம்போ விமானங்களையும் இனிப் பறக்கவிடப் போவதில்லை என்று இரண்டு நாட்களுக்கு முன் அறிவித்தது. ஜம்போவின் எஞ்சினுக்குள் தலையை விட்டே இளமையைக் கழித்தவன் என்பதால் அந்தச் செய்தியைப் படித்த பிறகு அன்று வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. ஆகவே உங்கள் மனநிலை எனக்குப் புரியாததல்ல. ஆனாலும் பதிலைக் கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

'ஒவ்வொரு முறையும் சரியாயிற்று' என்று எழுதியிருக்கிறீர்கள். எது சரியாயிற்று என்று பாருங்கள். 1990-களில் தனியாருக்கு வானம் திறக்கப்பட்டபோது ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், என்.இ.பி.சி. என்று வரிசையாக வந்தன. 1997 முடிவதற்குள் நான்கும் இல்லாமல் போயின. 2005-இல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. 1993-இல் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவோடு நின்றது. இத்தனைக்கும் நடுவில் நாட்டில் விமானத்தில் ஏறுவோர் எண்ணிக்கை பெருகிக்கொண்டேதான் வந்தது. தொழில் மீள்வதும் நிறுவனம் மீள்வதும் வேறு வேறு. நிறுவனம் மீண்டாலும் அதே ஆட்களை வைத்துக்கொண்டு மீளும் என்பதற்கு உறுதியில்லை. 1997-இல் உங்களுக்கு மறுவேலை கிடைத்தபோது வயது 29. அப்போது தொழில் மீண்டதோடு நீங்களும் மீண்டீர்கள். அதையே விதி என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. எங்களுடைய உரிமம் அரசு தருவது. அது ஆளோடு போகும். ஒரு நிறுவனம் மூடினால் உரிமத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகலாம். உங்களுடைய எடைக் கணக்குத் தகுதி அப்படியல்ல. இன்ன வகை விமானத்துக்கு இவர் தாள் போடலாம் என்று நிறுவனம் தரும் அங்கீகாரம் அது, தொடர்ந்து செய்யாவிட்டால் காலாவதியாகும். போதாக்குறைக்கு, பல நிறுவனங்கள் இந்த வேலையை ஒரே நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டன; அங்கே ஒரு கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பத்து ஊர் விமானங்களுக்குத் தாள் போட்டு அனுப்புகிறார்கள். உங்கள் நிறுவனம் இன்னும் அதைச் செய்யவில்லை என்றால், இப்போது செய்ய நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருக்கும். மனிதவளத் துறையிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல. திருவனந்தபுரத்தில் இந்தப் பணியிடம் அடுத்த ஆண்டு இருக்குமா என்பதுதான்.

நிற்கும் விமானத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் இதைத் தவறாக நினைக்கிறார்கள். விமானத்தை நிறுத்தி மூடிவைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சாவி போட்டு எடுக்க முடியாது. எஞ்சின் வாயை மூட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் பைகள் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் எடை அழுந்தாமலிருக்கச் சக்கரங்களைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை உருட்டிவிட வேண்டும். எரிபொருள் தொட்டியில் தேங்கும் நீரை வடிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே பூஞ்சை வளரும். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் என்று ஒன்று உண்டு, விரல் பருமன்தான். அதற்கு உறை போடாவிட்டால் குளவி கூடு கட்டிவிடும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் சில வாரங்கள் நின்றிருந்த ஒரு போயிங் 757 புறப்பட்டுச் சில நிமிடங்களில் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அடைபட்ட பிட்டோ குழாயே காரணம், அடைத்தது குளவிக் கூடாக இருக்கலாம் என்றே விசாரணையாளர்கள் கருதினார்கள். ஆகவே நிற்கும் விமானம் ஒவ்வொன்றும் பணம் தின்றுகொண்டேதான் நிற்கிறது. நிறுவனம் அந்தச் செலவை எங்கே ஈடுகட்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், அது உங்கள் தொழில்தானே.

1990-இல் குவைத்திலிருந்த நம்மவர்களை ஜோர்டானிலுள்ள அம்மான் நகர் வழியாக அழைத்துவந்தபோது நான் மும்பையில் இரவுப் பணியில் இருந்தேன். 59 நாள், 488 விமானங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வந்து நின்ற விமானத்தைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தோம். இறங்கியவர்கள் கையில் ஒரு பையோடு வருவதைப் பார்த்தபோது, இந்த வேலைக்கு வந்ததற்கு இது போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் அதன் பிறகு வந்த சம்பளத் தகராறுகளையெல்லாம் தாண்டினேன். உங்களுக்கு அந்த மூடுபனி இரவு இருக்கிறது. அது கையெழுத்திட்டாலும் போகாது, இடாவிட்டாலும் போகாது. அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என் கருத்து: விலகிவிடுங்கள்.


பால்வெட்டு 86 | 20 ஜூலை 2020

சார், நான் அதே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் 11 ஆண்டு இருந்தவன். ஒப்பந்தத் தொழிலாளி. எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் மேற்பார்வையாளர் தொலைபேசியில் 'இனி கூப்பிட்டால் வாங்க' என்றார். மே மாதம் நுழைவு அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். அவ்வளவுதான் என் விலகல். இப்போது அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறேன். ஆனி, ஆடி மழையில் வாரத்தில் மூன்று நாள் வெட்ட முடிந்தால் அதிகம்.

நீங்களும் பெரியவரும் எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் தாளில் ஒரு பெட்டியைப் பின் அறையிலிருந்து முன் அறைக்கு மாற்றினால் அது ஒரு கோடு, சார். எங்களுக்கு அது முதுகு. நிமிர்ந்து நிற்க முடியாத அந்த அறைக்குள் முழங்காலில் தவழ்ந்து, ஏற்றி முடித்த நாற்பது பெட்டியைத் திரும்ப வெளியே தள்ளி, வலையை அவிழ்த்து மறுபடி கட்டி, புறப்படும் நேரம் தவறக் கூடாது என்று வெளியிலிருந்து ஒருவர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே நிற்பார். நீங்கள் சொன்ன இரவு நான் வருவதற்கு முன் நடந்தது. ஆனால் அப்படிப்பட்ட இரவுகள் என் காலத்திலும் இருந்தன. இறக்கிய பூப்பெட்டிகளைச் சரக்குக் கொட்டகையின் ஓரத்தில் அடுக்குவோம். விடியும்போது கொட்டகை முழுக்கப் பிச்சி மணக்கும். ஒப்பந்தக்காரர் அதிலிருந்து ஒரு முழம்கூட வீட்டுக்கு எடுத்துப்போக விட்டதில்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தாளை எங்களிடம் கொடுக்கும்போது 'அண்ணே, கொஞ்சம் பார்த்து' என்று சொல்பவர்களும் இருந்தார்கள், தாளை மட்டும் நீட்டுபவர்களும் இருந்தார்கள். நீங்கள் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. 18 மாதச் சம்பளம் தருகிறேன் என்று ஒருவர் எழுத்தில் கொடுத்தால், வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கே ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.


மணவாளக்குறிச்சி அக்கா | 20 ஜூலை 2020

அண்ணா, நான் ஒரு நிறுவனத்தில் 14 ஆண்டுகள் விமானப் பணிப்பெண்ணாக இருந்தேன். அது மூடப்பட்டு விட்டது. பெயர் இங்கு வேண்டாம். மூடுவதற்கு முந்தைய மாதம்வரை 'யாரும் வதந்தியை நம்ப வேண்டாம்' என்று எங்களுக்கு மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. நம்பினோம். அதனால் உங்கள் முன்னால் இருக்கும் கடிதத்தை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். பணத்தை மட்டும் பேசுகிறேன். பெரியவர்கள் மற்றதைப் பேசிவிட்டார்கள்.

பணிக்கொடைச் சட்டம் 1972-இன்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உச்சவரம்பு 20 லட்சம். இதில் 'கடைசியாக வாங்கிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் அடிப்படைச் சம்பளம் 52,000 என்று வைத்துக்கொண்டால், 23 ஆண்டுக்கு 6,90,000 ரூபாய் வருகிறது. காத்திருக்க முடிவுசெய்து, செப்டம்பரில் அவர்கள் 'மாற்றியமைத்து' அடிப்படையை 39,000 ஆக்கிவிட்டு, அடுத்த ஆண்டு உங்களை அனுப்பினால், 23 ஆண்டுக்கான அதே கணக்கு 5,17,500 ஆகிவிடும். சம்பளம் குறைந்தது ஒரு பக்கம், கடந்துபோன 23 ஆண்டின் மதிப்பும் சேர்ந்து குறைகிறது. நீங்கள் பலமுறை படித்த அந்த வரிக்கு இதுதான் பொருள்.

அடுத்தது, பணிக்கொடைக்கென்று நிறுவனம் எல்.ஐ.சி. போன்ற இடத்தில் தனி நிதி வைத்திருக்கிறதா, அல்லது கையிலிருந்து தருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தனி நிதி என்றால் பயமில்லை. கையிலிருந்து என்றால், கையில் இருக்கும்போதே வாங்கிக்கொள்வது நல்லது. தொகை உரியதாகிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் வட்டி உண்டு. எங்கள் கதையில், திவால் நடைமுறை தொடங்கிய பிறகு 'படிவம் டி' என்பதை நிரப்பி, சம்பளச் சீட்டுகளை இணைத்து, மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நின்றோம். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடை நிதியும் கடன்காரர்களுக்குப் பங்கிடும் சொத்தில் சேராது என்று திவால் சட்டம் சொல்கிறது, உண்மை. ஆனால் பணிக்கொடைக்கு நிதியே ஒதுக்கப்படாமல் இருந்தால் எதைப் பாதுகாப்பது என்று அங்கே ஒரு வழக்கறிஞர் எங்களைத் திருப்பிக் கேட்டார்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். கொரோனாவுக்காக மார்ச் கடைசியில் ஒரு சலுகை வந்தது, மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அதைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத முன்பணமாக எடுக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அது. ஓய்வூதியத்தை 50 வயதிலிருந்தே வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 58-க்கு முன் வாங்கினால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு விழுக்காடு வெட்டு விழும், அது வாழ்நாள் முழுவதும் தொடரும். விருப்ப விலகல் தொகையில் விதிகளுக்கு உட்பட்டு 5 லட்சம்வரை வருமான வரி விலக்கு உண்டு. உங்கள் நிறுவனத்தின் திட்டம் அந்த விதிகளுக்குள் வருகிறதா என்று நாகர்கோவிலில் ஒரு கணக்காளரிடம் காட்டிவிடுங்கள்.

பணத்தை மட்டும் பேசுகிறேன் என்றேன், ஆனாலும் ஒன்று. நிறுவனம் மூடிய பிறகு ஏறக்குறைய எட்டு மாதம், அதிகாலை இரண்டரை மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வரும். அது வண்டி வந்து வாசலில் நிற்கும் நேரம். எழுந்து, கொண்டை போடக் கை தலைக்குப் போகும்; பிறகுதான் நினைவு வரும். யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது வரும், வந்தால் பயந்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.


வேளிமலை அடிவாரம் | 20 ஜூலை 2020

பால்வெட்டுத் தம்பி சொன்னது சரிதான். விமானத்தின் பின்பக்கம் இறக்கை மட்டத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே பார்க்காமல் போனவர்கள். தம்பி, உங்கள் வருங்கால வைப்பு நிதியை ஒப்பந்தக்காரர் கட்டியிருக்கிறாரா என்று கைபேசியில் இருப்பைப் பாருங்கள். கட்டாமல் விட்டிருந்தால் முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்பினால் மனு எழுதித் தருகிறேன். அது மட்டும் இன்னும் கை மறக்கவில்லை.


தோவாளைக்காரன் | 22 ஜூலை 2020

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் யோசித்தேன்.

அக்கா, நீங்கள் எடுத்துக்காட்டுக்குப் போட்ட 52,000 என் உண்மையான அடிப்படைச் சம்பளத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 18 மாதத்துக்கு 9,36,000, பணிக்கொடை 6,90,000, ஆக 16,26,000 என்று ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, மகளின் கடைசி இரண்டு ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்தைக் கழித்து எழுதிக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்கப் பிறர் எடையைக் கூட்டிக் கழித்தவனுக்குத் தன் எடையைப் போடத் தெரியவில்லை என்று சிரித்தார்.

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன கேள்வியை மனிதவளத் துறைக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: 'எடைக் கணக்குப் பணிகளை மையப்படுத்துவது குறித்துப் பரிசீலனை நடைபெறுகிறது.' 23 ஆண்டில் இவ்வளவு விரைவாக அவர்கள் எனக்கு எந்தப் பதிலும் அனுப்பியதில்லை. பணிக்கொடை நிதி காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறதாம். அதற்கான சான்றைக் கேட்டிருக்கிறேன். சான்று கைக்கு வந்தவுடன், ஆகஸ்ட் 10 வரை காத்திருக்காமல் கையெழுத்திடப் போகிறேன். காலையில் வீட்டு மாடியில் நின்றால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பிச் சுழல்வது தெரிகிறது. இந்தக் காற்றுக்கு எந்த ஓடுபாதையில் இறக்குவார்கள் என்று இன்று காலையிலும் யோசித்தேன். அந்தப் பழக்கம் போக நாளாகும் போலிருக்கிறது.

பால்வெட்டுத் தம்பி, நான் எந்த வகை என்று கேட்டிருந்தீர்கள். தாளை நீட்டியவன்தான். புறப்பாட்டு நேரம் நெருங்கும்போது எனக்கு முகம் பார்க்கத் தோன்றியதில்லை. இந்த மாதம் ஊர்ச் சந்தையில் பூ எடுக்க ஆளில்லை. கோயில்கள் மூடியிருக்கின்றன, திருமணத்துக்கு ஐம்பது பேர்தான். என் தம்பி, கடையில் மிஞ்சுவதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறான். வீடு முழுக்கப் பிச்சி மணக்கும்போது அந்தக் கொட்டகை இப்போது நினைவுக்கு வருகிறது. உங்கள் பதிலுக்கு முன் அது வந்ததில்லை. மழை விட்ட ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள்.

இனி ஒரு சின்ன உதவி. என் அலுவலக அலமாரியில் பழைய அடிகோல், பென்சில் பெட்டி, கையால் போட்ட கடைசி டிரிம் ஷீட்டின் கார்பன் நகல் ஆகியவை இருக்கின்றன. விலகுவதற்குள் நேரில் போய் எடுத்துவர வேண்டும். கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். விண்ணப்பத்தில் திருமணம், மருத்துவம், இறப்பு, வெளியூரில் சிக்கியவர் என்று நான்கு காரணங்கள்தான் இருக்கின்றன. யாராவது அண்மையில் போய்வந்திருந்தால், இதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லுங்கள்.